கஞ்சி போட்ட பிஷப்

பிள்ளைகளே, உலகத்தில் மிகக் கடினமான வேலை அசையாமல் இருப்பதுதான். நான் அதை ஒருநாள் ஒழுங்காகச் செய்தேன். அதுதான் வினையாய்ப் போனது.

அப்போது நாங்கள் டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற ஊரில் இருந்தோம். என் மகள் டிலானியின் வகுப்பை ஒரு பழைய மாளிகைக்குக் கூட்டிப்போனார்கள். நானும் துணைக்குப் போனேன். சுவரெல்லாம் பழைய காலத்துப் பிரபுக்கள், பாதிரிமாரின் ஓவியங்கள். ஒரு பிஷப்பின் முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். கறுப்பு அங்கி. கழுத்தைச் சுற்றி வண்டிச் சில்லுப்போல வெள்ளைத் துணிப்பட்டி. ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் நிழல்! வெறும் சாயத்தைக் கொண்டு அந்த மனுசன் (கீறியவரைச் சொல்கிறேன்) துணியின் மொடமொடப்பைக்கூடக் காட்டியிருந்தார். பிஷப்பின் பக்கத்தில் ஒரு சிறுமி. அவள் கையில் இருந்த நாய்க்குட்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆர் பிள்ளை இது?" என்று டிலானியைக் கேட்டேன்.

"பிஷப்பின்ர மகள்."

"பிஷப்புக்கு மகளோ!" (நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர்.)

"கத்தாதேங்கோ அப்பா. இஞ்ச பாதிரிமார் கலியாணம் கட்டுவினம்."

பள்ளிக்கூட விழாவில் பிள்ளைகள் பெற்றோருடன் பெரிய மரச் சட்டங்களுக்குள் அந்த ஓவியங்களைப் போலவே நிற்க வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூட வாசலில் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் பார்க்கிற டிலானி, "நீங்கதான் பிஷப். ஆனா அசையக் கூடாது. சத்தியம் பண்ணுங்கோ" என்றாள். அந்த இடத்திலேயே பண்ணினேன்.

கழுத்துப்பட்டிக்கு என் கலியாண வேட்டியை வெட்டி மடித்தேன். (மனைவி ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.) சோறு வடித்த கஞ்சியில் திரும்பத் திரும்பத் தோய்த்து, ஹீட்டரில் காயவைத்தேன். அப்பளம்போல விறைத்தது. அதைக் கட்டிக்கொண்டு காருக்குள் ஏறியது தனிக் கதை.

திரை விலகியது. நான் கதிரையில், ஆசீர்வதிக்கிற கையோடு. பக்கத்தில் டிலானி, ஆசிரியையின் நாயை ஏந்தியபடி. நாயின் மூக்குக்கு நேரே என் கழுத்து.

முதலில் நக்கியது. பிறகு கடித்தது. மொறுக், மொறுக்.

"அப்பா, நாய் சாப்பிடுது!" உதடு அசையாமல் சொன்னாள்.

"பேசாம நில் பிள்ளை. சத்தியம் பண்ணியிருக்கிறன்."

"தட்டி விடுங்கோ!"

"பிஷப் நாய்க்கு அடிப்பாரோ?"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. காதுக்குள் ஈர நாக்கு. நான் அசையவில்லை. திரை மூடியபோது என் கழுத்தில் கந்தல்தான் மிச்சம். மகளை வெட்கப்படுத்திவிட்டேனே என்று பயந்து பயந்து திரும்பினேன். அவள் நாயோடு நிலத்தில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பி, சிநேகிதிகளைக் கூப்பிட்டு, டேனிஷில் உரக்கச் சொன்னாள்: "இதுதான் என்ர அப்பா!"

இப்போதும் அந்த மாளிகைக்குப் போவோம். அந்தக் கழுத்தோடு பொறுமையாக இருந்த பிஷப்பை மதிக்கிறேன். அந்தப் பொறுமையை அவர் கண்ணில் கொண்டுவந்த ஓவியரை அதைவிட மதிக்கிறேன். பக்கத்துப் பலகையில், நாய் விசுவாசத்தைக் காட்டுகிறது என்று எழுதியிருக்கிறது. வேலைக்குப் போகிற வயதிலும் டிலானி ஒவ்வொரு முறையும் அதை வாசித்துவிட்டு என் பக்கம் திரும்புவாள்.

"விசுவாசமோ? அது கஞ்சியை எல்லோ பார்க்குது, அப்பா!"