கோல் கம்பத்துக்கு ஒரு பூட்டு

திண்டுக்கல்லில் வீசுகிற காற்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஓர் உபயதாரரைப் பிடித்துவிட்டவர் உபயம். காற்றுக்கும் முயன்று பார்த்தார். விசிறிக் கடைக்காரர்தான் பிடி கொடுக்கவில்லை.

உபயம் என்பது ஊர் வைத்த பெயர். ஐம்பதுகளின் கடைசியில், கோடைதோறும் மலையடியில் எங்கள் கிளப் கால்பந்துப் போட்டி நடத்தியது. கடை கடையாக ஏறி அதற்கு ஆதரவு பிடிப்பது அவர் வேலை. பிடித்து வந்த பெயர்களை மைக்கில் கத்துவது என் வேலை. பந்து, தோல் பதனிடும் ஷாப்புக்காரர் உபயம். நடுவரின் விசில், பாத்திரக் கடை உபயம். இடைவேளைக் கொய்யாப்பழம், ஆயக்குடித் தோட்டக்காரர் உபயம். ஒருவன் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு விழுந்தால், "இப்போது தடவப்படும் டிங்சர், மருந்துக் கடை உபயம்" என்று நான் அறிவித்த பிறகுதான் அவனுக்கு எரிச்சலே தொடங்க வேண்டும். ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல என் வாயில் ஈரம் மிஞ்சியதே இல்லை.

அவரோடு ஒரு பகல் கடைவீதியைச் சுற்றினால் ஒரு வயது கூடிவிடும். வெயில், புழுதி, பச்சைத் தோலின் வாடை, சுருட்டுப் புகை, மறுபடியும் வெயில். கடைக்குள் போனதும் அவர் எதையும் கேட்கமாட்டார். பெஞ்சில் சரிவார். துண்டால் முகம் துடைப்பார். "அசதியா இருக்கு மொதலாளி" என்பார். அவ்வளவுதான். ஆட்கள் வருவார்கள், வாங்குவார்கள், போவார்கள். இவர் பெருமூச்சு விட்டபடியே இருப்பார். கடைசியில் களைத்துப்போவது முதலாளிதான். "நீ எந்திரிச்சுப் போறதுக்கு நான் என்னய்யா தரணும்?" என்று அவராகவே கேட்டுவிடுவார்.

பெருமூச்சுக்கு மசியாத ஒரே ஆள், பூட்டுக் கடை முதலாளி. பூட்டுக்கே பேர்போன ஊரில் தன் பூட்டுதான் பூட்டு, மற்றதெல்லாம் தகரம் என்று நம்பியவர். ஒரு வருடம் அவரிடம் கோல் கம்பத்தை விற்கப் போனோம்.

"கம்பத்துல எம் பேர எழுதி எனக்கு என்னய்யா ஆகப்போகுது?"

"மொதலாளி, கோல் கம்பம்னா என்ன? கதவில்லாத வாசல். அதுல உங்க பூட்டுப் பேரு தொங்குது. எதிராளி அம்புட்டு உதை உதைச்சும் பந்து உள்ள போகல. சனம் என்ன பேசும்?"

முதலாளியின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "போயிருச்சுன்னா?"

"எப்படிப் போகும்? கோலி யாரு, உங்க பட்டறை செபஸ்திதான?"

செபஸ்தி சாவிகளுக்கு அரம் போடுகிறவன். ஊரிலேயே நல்ல கோல்கீப்பர். கைக்குழந்தைக்காரன். விஷயம் கேட்டதும் அரத்தைக் கீழே வைத்துவிட்டான். "அண்ணே, பந்து உருண்டையால்ல இருக்கு. எங்கிட்டு வேணா உருளுமேண்ணே."

"நீ பிடி அப்பு. மத்தத நான் பாத்துக்கிறேன்."

'இது எங்கள் பூட்டு. எவரும் நுழைய முடியாது' என்று தகரப் பலகை எழுதி, குறுக்குக் கம்பத்தில் கம்பியால் கட்டினோம். இடைவேளைக்குப் பின் அணிகள் பக்கம் மாறும் என்பது அதுவரை எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. எதிரணியின் வாசலில் பூட்டு தொங்கினால், எங்கள் ஆட்களே அல்லவா அதற்குள் நுழைவார்கள்? எனவே ஒவ்வோர் இடைவேளையிலும் உபயம் பலகையை அவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு, மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடப்பார். ஆட்டத்துக்குக் கிடைக்காத கைத்தட்டல் அந்த நடைக்குக் கிடைத்தது.

செபஸ்தி ஒரு கோலும் விடவில்லை. இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். பூட்டு விற்றுத் தீர்ந்தது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. இறுதி ஆட்டத்துக்கு முதல்நாள் பட்டறையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "ஏலே செபஸ்தி, நாளைக்கு கோல் விழுந்துச்சு, திங்கக்கிழம பட்டறைப் பக்கம் தலகாட்டாத."

அன்று உபயம் எந்தக் கடையிலும் ஏறவில்லை. "நான் வித்த வாய்க்கு அவன் சோறுல்ல தம்பி போகப்போகுது" என்றார். அவர் களைப்பில் நடிப்பு இல்லாததை அன்றுதான் பார்த்தேன்.

எதிரணி மதுரைக்காரர்கள். ஆட்டம் முடியச் செத்த நேரமே இருக்கையில் எங்கள் ஆள் ஒருவன் கையால் பந்தைத் தட்டித் தொலைத்தான். பெனால்ட்டி. செபஸ்தியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உபயம் ஓடினார். பலகையின் கம்பியை முறுக்கி அவிழ்த்தார். "யோவ், வெளிய போய்யா!" என்று நடுவர் கத்தினார். பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்து இரைத்தார்.

"தம்பி, சொல்லு. இந்த ஒரு உதைக்கு மட்டும் கோல் கம்பம் வேற ஆளு உபயம்."

"யாருண்ணே?"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சோடாக் கடை, சுருட்டுக் கடை, பாத்திரக் கடை எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டன. கோல் விழப்போகிற கம்பத்தை எவன் வாங்குவான்?

"எம் பேரச் சொல்லு."

எனக்கு அது தெரியாது. கேட்டேன். செத்த யோசித்துவிட்டுச் சொன்னார். மைக்கில் சொன்னேன். அதற்குள் பந்து வலைக்குள் போய்விட்டது. எழுந்த கூச்சலில் அந்தப் பெயர் ஒருவர் காதிலும் விழவில்லை.

ஆட்டம் முடிந்ததும் முதலாளி கடுகடுவென்று வந்தார். "ஏப்பா, விழுந்திருச்சே!"

"விழுந்தது எங் கம்பத்துல மொதலாளி. உங்க பூட்டு இந்தா, எந் தோள்ல தொங்குது. பூட்டாத வீட்டுல பூந்துட்டான்."

முதலாளி அதை மென்று பார்த்தார். மெல்ல மெல்ல முகம் மலர்ந்தது. "அதான! பூட்டு இல்லாததுனாலதான் பூந்துட்டான். இத மைக்ல சொல்லச் சொல்லுய்யா!" போகிற போக்கில் செபஸ்தியின் முதுகில் தட்டினார். "திங்கக்கிழம வெள்ளன வந்துருடா. வேலை மலையாக் கெடக்கு."

கோப்பை மதுரைக்குப் போனது. பலகையை அவிழ்த்ததால்தான் தோற்றோம் என்று ஊர் அந்த ஆத்திரத்தையெல்லாம் உபயத்தின் மேல் இறக்கிவிட்டுக் கலைந்தது. கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தவர், வாய் திறந்தபடி தூங்கிப்போனார்.

"கம்பத்தப் பிடுங்கணும் சார், அவர எழுப்புங்க" என்றான் பந்தல்காரன்.

"செத்த போகட்டும்ப்பா" என்றேன்.

மேற்கு வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. நான் கொஞ்சம் நகர்ந்து, அதை மறைத்தாற்போல் உட்கார்ந்துகொண்டேன்.