நீல ஐஸ் பெட்டியும் என் லைசென்ஸும்

ஈப்போ,
செவ்வாய்க்கிழமை.

பேரன்புள்ள கதிரவேலு மாமாவுக்கு மருமகன் ஷான் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். செமோரில் நீங்களும் மாமியும் உங்கள் வலது முழங்காலும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். முருகன் வரியை நீங்கள்தான் போடச் சொன்னீர்கள். போட்டாச்சு.

விஷயத்துக்கு வருகிறேன். ஆறு மாதம் முடக்கி வைத்திருந்த என் லைசென்ஸ் போன மாதம் திரும்பக் கிடைத்தது. கிடைத்த அடுத்த வாரமே காரின் இன்சூரன்ஸ் முடிந்தது. இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட் டேக்ஸ் இல்லை, ரோட் டேக்ஸ் இல்லாமல் கார் வெறும் நாலு சக்கர அலமாரி. போனில் புதுப்பித்தால் பத்து நிமிட வேலை என்று உட்கார்ந்தேன். உங்கள் லைசென்ஸ் எப்போதாவது முடக்கப்பட்டதா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். திரை கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, எங்களை அணுகவும் என்றது. அணுகினேன். முப்பத்தைந்து நிமிடம் பாட்டுப் போட்டார்கள், பிறகு லைன் அறுந்தது. அடுத்த கம்பெனியில் பாட்டுகூட இல்லை. மூன்றாவது கம்பெனிக்கு நேரிலேயே போனேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற சன்னாசி என்ற லாரிக்காரர் என் படிவத்தை எட்டிப் பார்த்தார். "ஏன் தம்பி, இல்லைன்னு ஒரு டிக் போட்டிருந்தா இந்நேரம் வீட்டுக்குப் போயி குளிச்சிருக்கலாம் லா. உன்னை யாரு உண்மைய சொல்லச் சொன்னது?" என்றார். நான் கன்ட்ரோல் பேனல் பழுது பார்ப்பவன், மாமா. சிவப்பு விளக்கு எரிந்தால் எரிகிறது என்றுதான் எழுதுவேன்.

கடைசியில் இன்சூரன்ஸ் ஏஜெண்டான உங்களிடமே வந்தேன். முதலிலேயே வந்திருக்கலாம், ஆனால் உங்கள் வீட்டுக்கு வந்தால் பேசி முடிக்க மூன்று மணி நேரம் ஆகும். நீங்கள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "தம்பி, கம்பெனி கேக்கிறது காரணம். ஏன் முடக்கினாங்க எண்டு ஒண்டும் விடாம எழுதித் தா. தமிழிலேயே எழுது, மலாய்க்கு நான் மாத்திறன். வாட்சப்பில அனுப்பாத. கடுதாசி எண்டா தலையும் காலும் இருக்கோணும்" என்றீர்கள்.

ஒன்றும் விடாமல் எழுதுகிறேன். அந்தக் காரை நான் ஓட்டவில்லை. உங்கள் அக்கா ஓட்டினார்.

அப்பா போன பிறகு எட்டு மாதம் அம்மா அறையை விட்டு வெளியே வராதது உங்களுக்கே தெரியும். நீங்கள் பேசிப் பார்த்தீர்கள், மாமி அழுது பார்த்தார், நான் டிவியை அறைக்குள் மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை விடிந்து பார்த்தால் காரும் இல்லை, அம்மாவும் இல்லை, நீல ஐஸ் பெட்டியும் இல்லை. போலீசுக்குப் போகலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வந்து இறங்கினார். ஹுத்தான் மெலிந்தாங் வரைக்கும் தனியாக ஓட்டிப்போய், படகு வந்து சேரும் நேரத்தில் நின்று, உயிர் நண்டு வாங்கி வந்திருக்கிறார். அதைப் போட்டு, காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவில் கூழ் காய்ச்சினார். நான் நாலு கிண்ணம் குடித்தேன். அன்றிலிருந்து வெள்ளி மரக்கறி, சனி நண்டு. ஒன்பது மணிக்குப் போனால் நல்ல நண்டு முடிந்துவிடுமாம். அதனால் நெடுஞ்சாலையில் நூற்றுப் பத்தில் போக வேண்டிய இடத்தில் நூற்று முப்பத்தெட்டு.

கேமரா பின்னாலிருந்து எடுக்கும், முகம் தெரியாது. கார் என் பெயரில் இருப்பதால் படமும் அபராதமும் எனக்கு வந்தன. மொத்தம் நான்கு. மூன்றில் பின்கண்ணாடிக்குள் நீல ஐஸ் பெட்டி பளிச்சென்று தெரிகிறது. நாலாவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஓட்டியவர் வேறு ஆள் என்றால் அவர் பெயரை எழுதுவதற்கென்றே படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. பேனாவை எடுத்தேன். அடுப்படியில் அம்மா நண்டை உடைத்துக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அப்பா போனபின் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. கட்டத்தில் என் பெயரை எழுதினேன். தெரிந்தே நான் தப்பாக நிரப்பிய படிவங்கள் அவை மட்டும்தான்.

ஒவ்வொரு அபராதத்தோடும் விழுந்த குற்றப் புள்ளிகள் சேர்ந்து லைசென்ஸ் போனது. அதன்பின் ஆறு மாதம் ஜெலாப்பாங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு என்னைக் கொண்டுபோய் விட்டதும் அம்மாதான். வழியெல்லாம், "ஏனப்பா அப்பிடிப் பறந்தனி? ஆரைப் பிடிக்கப் போனனி?" என்று எனக்கே புத்திமதி. நண்டைப் பிடிக்க என்று நாக்கு நுனி வரை வரும், விழுங்கிக்கொள்வேன். வாசல் காவலர் தர்மா தினமும், "ஷான், உன் டிரைவர் வந்தாச்சு லா! சாப்பாட்டு டப்பா வேற கொண்டாந்திருக்காங்க, சல்யூட் அடிச்சிட்டு ஏறு!" என்பார். போனில் வேகத்தை அளந்தேன். நான் பக்கத்தில் இருந்தால் அம்மா அறுபதைத் தாண்டுவதில்லை. நண்டு காத்திருந்தால் மட்டுமே நூற்று முப்பத்தெட்டு.

இப்போது இரண்டு சனிக்கிழமையாகக் கார் வீட்டு வாசலில் நிற்கிறது. பக்கத்து வீட்டு மங்களம் அக்கா கூட்டிப்போகிறேன் என்றதற்கு, பிறத்தியார் காரில் நண்டு மணக்கும் என்று அம்மா மறுத்துவிட்டார். யாரும் தொடாத ஐஸ் பெட்டியை இன்று காலை மறுபடி கழுவிக் கவிழ்த்து வைத்தார். பாட்டு இல்லை. நேற்று எட்டு மணிக்கே அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்குப் பயமாக இருக்கிறது, மாமா.

கம்பெனிக்கு, அந்த வாகனத்தின் வேகத்துக்கு நானே பொறுப்பு என்று மட்டும் எழுதுங்கள். உரிமையாளன் என்ற முறையில் அது சரிதான். ஓட்டுநர் பட்டியலில் அம்மா பெயரைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். சனிக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள். அம்மாவிடம் மூச்சு விடாதீர்கள்.

மாமிக்கு என் அன்பு. முழங்காலுக்கு எண்ணெய் போடுவதை நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுங்கள். எல்லா நலமும் உங்கள் வீட்டில் தங்கட்டும்.

இப்படிக்கு
உங்கள் மருமகன்
ஷான்

பி.கு.: தம்பி கதிரவேலு, இது அக்கா புனிதவதி எழுதுவது. உன்னிடம் கொடுக்கச் சொல்லி ஷான் தந்த உறையில் பசை காய்ந்திருந்தது, தானாகத் திறந்துகொண்டது. தபால் பெட்டிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது என்பதை இந்தப் பொறியியல் மூளை யோசிக்கவில்லை. ஒவ்வொரு படத்தையும் அவனுக்கு முதல் நான்தான் பார்த்தேன். கேட்பான், ஒப்புக்கொள்ளலாம் என்று இருந்தேன். கேட்கவே இல்லை. லைசென்ஸ் போன அன்று அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிடத்தான் நினைத்தேன். மறுநாள் காலை பக்கத்தில் உட்கார்ந்தவன் ஜெலாப்பாங் வரை அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். வீட்டில் மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத பிள்ளை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஆறு மாதம் ஓடிப்போயிற்று. அது என் குற்றம்.

நாலாவதைக் கடைசியில் சொல்கிறேன் என்றான், சொன்னானா பார். அந்தப் படத்தில் ஐஸ் பெட்டி கிடையாது. நான் குளியலறையில் வழுக்கி விழுந்த நாள் அது. மங்களம் போன் போட்டபோது அவன் வெளியூரில், தாப்பாவில் வேலையில் இருந்தான். நூற்று நாற்பத்தாறு. என்னைவிட எட்டுக் கூட.

ஆகவே கம்பெனிக்கு உள்ளதை உள்ளபடி எழுது: மூன்று தாய், ஒன்று மகன். நானும் வந்து கையெழுத்துப் போடுகிறேன். என் லைசென்ஸை எடுத்தால் எடுக்கட்டும். அவன் ஓட்டட்டும், நான் பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டு போகிறேன். ஒன்பது மணிக்குள் போனால் போதும்.

ஐஸ் பெட்டியை இனிக் காரின் பின்பெட்டிக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.