எதற்கும் இருக்கட்டும்

'எதற்கும் இருக்கட்டும்' என்று ஓர் இனம் உண்டு. அதற்குக் கொம்பு கிடையாது, வால் கிடையாது. மூக்குக்கண்ணாடி உண்டு, மடிக்கணினி உண்டு, அந்தக் கணினிக்குள் ஒரு மெயில் பெட்டி உண்டு, அந்தப் பெட்டிக்குள் மூச்சுவிட இடம் கிடையாது. நீங்கள் பார்த்ததில்லையா? எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். என் மகளைக் கட்டியவர். தங்கமான மனிதர், அதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்த இனம் வந்த மெயில் எதையும் அழிக்காது. அலுவலகத்தில் குடையைத் தொலைத்தவர் எல்லோருக்கும் எழுதியது இருக்கும், குடை கிடைத்துவிட்டது என்று எழுதியது இருக்கும், அதற்கு ஆளாளுக்கு 'ரொம்ப மகிழ்ச்சி' என்று போட்ட பதில் அத்தனையும் இருக்கும். குடைக்காரர் ஓய்வுபெற்றுப் போயாயிற்று. இன்னும் எதற்கு என்றால், நாளைக்கு எவனாவது கேட்டால் என்பார். குடையைப் பற்றி எவன் வந்து கேட்பான்?

பெட்டி நிரம்பப்போகிறது என்று கணினி எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையும் மெயிலாகத்தான் வரும். அதையும் பத்திரப்படுத்துவார்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் இருந்தது, என் மகள் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலைக்கு எழுதிப்போடும் வரை. குடும்பத்துக்கு ஒரு முகவரி போதாதா என்று மாப்பிள்ளை தன் மெயில் முகவரியையே கொடுத்துவிட்டார். பிள்ளைகளைப் பெற்று வீட்டோடு முடங்கிக் கிடந்தவளுக்கு இத்தனை காலத்துக்குப் பிறகு ஒரு வேலை. நேர்முகத் தேர்வு முடிந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை அவளுக்கு. ஒரு நாள் காலை அங்கிருந்து போன் வந்தது. வேலை உறுதியாம், உத்தரவை எத்தனை முறை அனுப்பினாலும் பெட்டியில் இடமில்லை என்று திரும்பி வருகிறதாம், சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்களாம்.

மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பழைய மெயில்களை ஆர்க்கைவ் செய்து, அதாவது வேறிடத்தில் எடுத்துவைத்து, இடம் பண்ணப்போகிறார். ஒவ்வொன்றாகத் திறந்தார், வாசித்தார், சிரித்தார், ஒன்றிரண்டுக்குக் கண்கலங்கவும் செய்தார். சாப்பிடக் கூப்பிட்டால் கையை மட்டும் ஆட்டினார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. என் மகள் பின்னால் போய் நின்றாள்.

"என்னங்க, இடம் கிடைச்சுதா?"

"இரு. அழிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுக்கும் ஒரு காப்பி எடுத்து வெச்சுடறேன்."

"எங்க எடுத்து வெக்கிறீங்க?"

"எனக்கே அனுப்பிக்கிறேன்."

ஒன்றை அழித்துக் கிடைத்த இடத்தில் இன்னொன்றின் நகல் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"மாப்பிள்ளை, அலமாரியைக் காலி பண்றேன்னு எடுத்த துணிய மறுபடி அதே அலமாரியில திணிச்சா எப்படி?"

"உங்களுக்குப் புரியாது அத்தை. இது சிஸ்டம்."

புரியாதுதான். புரிந்தவர் லட்சணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேனே. என் மகள் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தன் பேரில் புதிதாக ஒரு முகவரி திறந்தாள். அந்த அலுவலகத்தைக் கூப்பிட்டுச் சொன்னாள். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் உத்தரவு வந்து விழுந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளைக்கும் சந்தோஷம், பொய் சொல்லக் கூடாது, முதலில் கை கொடுத்தது அவர்தான். கொடுத்த கையோடு அந்த உத்தரவைத் தனக்கும் அனுப்பிவைக்கச் சொன்னார். அனுப்பினாள். திரும்பி வந்துவிட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்து முடித்ததும், இன்னொரு தரம் சாவகாசமாகப் படிக்கலாம் என்று எங்கேயாவது எடுத்துவைக்கத் தோன்றுகிறதா? விரல் தானாகப் போகிறதா? வாருங்கள், நீங்களும் எங்கள் மாப்பிள்ளை இனம்தான். கொஞ்சம் நெருக்கி உட்காருங்கள். உங்கள் ஆட்கள் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.