என் அறையில் குடியேறிய கஞ்சாக் கன்றுகள்

பெருமதிப்புக்குரிய கெர்லிண்டே அத்தைக்கு,

காஸெலிலிருந்து உங்கள் தம்பி மகள் ஸ்வென்யா பணிவோடு எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும், பூனை ஒழுங்காகச் சாப்பிடும் என்று நம்புகிறேன். நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் இதை நிலவறையில், துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். அது சுழலும்போதெல்லாம் கையெழுத்து கோணிக்கொண்டு போகிறது, மன்னிக்கவும்.

காரணம் கஞ்சா. பதினெட்டு நிரம்பியவர்கள் ஆளுக்கு மூன்று செடி வீட்டில் வளர்க்கலாம் என்று சட்டம் வந்ததும், முதுகுவலிக்கு ஆகும் என்று அப்பா விதை வாங்கினார். அவர் டிராமில் டிக்கெட் பரிசோதகர். விதி என்றால் அதன் கடைசி வரி வரை போகிறவர். அவர் பெயரில் மூன்று, அம்மா பெயரில் மூன்று, எல்லாமே தயிர்க் கோப்பைகளில் முளைத்துவிட்டன. இந்த வீட்டில் வெயில் விழும் ஜன்னல் என் அறையில் மட்டும்தான். பதினெட்டு நிரம்பாத பிள்ளைகள் கைக்குச் செடி எட்டக்கூடாது என்பதும் சட்டம். ஆகவே செடிகள் உள்ளே போயின, நான் வெளியே வந்தேன், கதவுக்குப் பூட்டு வந்தது. பள்ளி இறுதித் தேர்வு நெருங்குகிறது, என் புத்தகங்கள் எல்லாம் உள்ளே. தலைப்பைச் சொன்னால் அப்பா எடுத்துவந்து தருவார். முப்பதாண்டுப் போர் பற்றிய வரலாற்றுப் புத்தகம் கேட்டேன். பறவைக் கையேடு வந்தது.

பிறகு கோப்பைகளில் வேர் சுற்றிக்கொண்டது, தொட்டி மாற்றவேண்டும் என்றார்கள். துணியால் தைத்த தொட்டிதான் நல்லது, வேருக்குக் காற்று கிடைக்கும் என்றார் அம்மா. மண்ணைத் துணியில் கொட்ட அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. அம்மா முட்டைக்கோஸ் புளிக்கவைக்கும் பெரிய பீங்கான் ஜாடியை அவர் எடுத்து அடியில் துளை போட்டுவிட்டார்.

"யோர்க்! அது எங்கம்மா குடுத்த ஜாடி!" என்று கத்தினார் அம்மா.

"தண்ணி வடியணும்ல கெசீனே?" என்றார் அப்பா.

"நல்லா வடியட்டும். குளிர்காலத்துல கோஸுக்குப் பதிலா நீ இந்த இலையத் தின்னு!"

அந்தப் பெரிய ஜாடியில் விரல் உயரக் கன்று ஒன்றை நட்டார்கள். மண் காயவே இல்லை, கன்று தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. மறுபடி பிடுங்கிச் சின்னத் தொட்டிக்கு மாற்றவேண்டும், இந்த முறை புத்தகப்படி செய்வோம் என்று முடிவானது. நூலகத்தில் எனக்குக் கிடைத்தது தக்காளிப் புத்தகம்தான். அவர்கள் கையெல்லாம் மண், நானோ உள்ளே போகக்கூடாது. அதனால் பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் உரக்க வாசிக்க, அந்தப் பக்கம் அவர்கள் நட்டார்கள்.

"'தண்டைப் பிடிக்காதீர்கள், இலையைப் பிடித்துத் தூக்குங்கள்.'"

"நான் சொன்னேனா இல்லையா?" என்றது அம்மாவின் குரல்.

"நீ எங்க சொன்ன, கத்துன. அடுத்து வாசி ஸ்வென்யா!"

"'பழங்கள் சிவக்கத் தொடங்கியதும்...'"

"பழமா? இதுல ஏது பழம்?"

"தக்காளிப் புத்தகம்பா இது."

உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது.

"ஒண்ணுமில்ல கண்ணு, உன் பூகோள உருண்டைதான்," என்றார் அப்பா.

எனக்கு அலுத்துவிட்டது அத்தை. கோபப்படக்கூடத் தெம்பில்லை. அடுத்த மாதம் முதல் ஞாயிறு எனக்குப் பதினெட்டு நிரம்புகிறது. அன்று முதல் நான் சட்டப்படி பிள்ளை இல்லை, பூட்டுக்கும் வேலை இல்லை, அறை மறுபடி என்னுடையது. அதுவரை மட்டும் உங்கள் வீட்டுச் சோபாவில் இடம் தந்தால் போதும். ஒரே ஒரு பையோடு வருவேன், ஒரு மூலையில் படித்துக்கொண்டிருப்பேன்.

உங்களுக்கும் பூனைக்கும் நல்ல தூக்கமும், குறுக்கே எதுவும் வளராத ஒரு ஜன்னலும் என்றும் வாய்க்கட்டும்.

அன்புடன்,
ஸ்வென்யா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் அப்பா கீழே வந்தார். பிறந்தநாளுக்கு முன்பே பரிசு கொடுத்தால் ஆகாது என்பதால் கொடுக்கவில்லை, காட்ட மட்டும் செய்தார். மூன்று புதிய துணித்தொட்டிகள், அம்மா தேர்ந்தெடுத்தவையாம். "இனிமே உன் பேர்லயும் மூணு வைக்கலாம் கண்ணு! உன் கட்டிலையும் அலமாரியையும் வெளிய எடுத்துட்டா இடம் கச்சிதமா இருக்கும்," என்றார். சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது, நான் உறையிலிருந்து தாளை மறுபடி வெளியே எடுத்தேன். ஆகவே அத்தை, அந்தப் பை விஷயத்தை மறந்துவிடுங்கள். லாரி பிடித்துக்கொண்டு வாருங்கள்.