பழைய பசையும் பசைதானே!

உலகத்தில் ஓர் இனம் உண்டு. குழாய் ஒழுகினாலும் கூரை ஒழுகினாலும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "எதுக்கு ஆளு? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கிளம்பும் இனம். கையில் இருப்பதெல்லாம் இரவல் கருவி, விரலில் எப்போதும் ஒரு கட்டு. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தினமும் காலையில் கண்ணாடி பார்த்து அந்த ஆளுக்குத்தான் சவரம் செய்கிறேன்.

எங்கள் சமையலறையின் லினோலியம் தரைவிரிப்பு கிழிந்து வாயைப் பிளந்திருந்தது. அத்தைக்கு, அதாவது மனைவியின் அம்மாவுக்கு, முழங்காலில் அறுவை சிகிச்சை. அம்மா நம் வீட்டில்தான் தேற வேண்டும் என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். இந்தக் கிழிசலில் தடுக்கி விழுந்தால் போட்ட முட்டி போச்சு.

"தம்பியக் கூப்பிடுங்க. தரை ஒட்டுறதுதானே அவன் தொழிலே?"

மச்சானைக் கூப்பிடுவதா? அதற்கு நானே தடுக்கி விழுந்து சாவேன்.

பழைய விரிப்பை உரித்தேன். அடியில் மேடும் பள்ளமுமாகக் காய்ந்த பசை. வெந்நீர்த் துணி போட்டு ஊறவைத்து, சுரண்டி, துடைத்து, காயவிட்டு, அப்புறம்தான் புதிதை ஒட்ட வேண்டும் என்று பசை டப்பாவிலேயே போட்டிருந்தது. டப்பாவுக்கு என்ன தெரியும்?

"இதைச் சுரண்ட வேண்டாமாங்க?"

"பழைய பசையும் பசைதானே! புதுசோட சேர்ந்தா ரெட்டைப் பிடி."

பசையைத் தாராளமாகக் கொட்டி, பரப்பி, விரிப்பைப் போட்டு, மேலே நடந்து, குதித்து, ஓரத்தில் வழிந்ததைத் தின்னர் ஊற்றித் துடைத்தேன். பசை போயிற்று. விரிப்பின் நிறமும் கூடவே போயிற்று. அதுகூடப் பரவாயில்லை. நடுவில், அடியில் பூனை படுத்திருப்பதுபோல ஒரு புடைப்பு. மிதித்தேன், அடங்கியது. காலை எடுத்தேன், எழுந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது.

வேறென்ன செய்ய? புடைப்பின் மேலேயே ஏறி நின்றுகொண்டேன்.

அத்தை ஊன்றுகோலோடு வந்தார். மச்சான் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தான்.

"என்ன மாப்பிள்ளை, மரம் மாதிரி நிக்கிறீங்க? வந்து பையை வாங்கக் கூடாதா?"

"இங்க நல்லா காத்து வருது அத்தை."

மச்சான் தரையைப் பார்த்தான். என் காலைப் பார்த்தான். "மாமா, கொஞ்சம் தள்ளுங்க."

"முடியாதுடா."

"ஏன், நீங்களும் ஒட்டிக்கிட்டீங்களா?"

அத்தை கோலை நீட்டி என் கணுக்காலில் ஒரு தட்டுத் தட்டினார். நகர்ந்தேன். பூனை எழுந்தது. கோல் நுனியால் அதை அழுத்தினார். அது நழுவி அடுப்புப் பக்கம் தலைதூக்கியது.

"டாக்டர் பாடுபட்டுப் போட்ட முட்டி மாப்பிள்ளை. நான் இவன் வீட்டுக்கே போறேன். உங்க தரை படுத்ததும் சொல்லியனுப்புங்க."

வந்த காரிலேயே திரும்பிப் போய்விட்டார். மனைவி சுரண்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

இப்போது மச்சான் திரும்பி வந்து, நாற்காலியில் சாய்ந்தபடி வழி சொல்ல, நான் மண்டி போட்டு, வெந்நீரும் துணியுமாக, இரண்டு அடுக்குப் பசையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். அத்தையின் முட்டி நன்றாகத் தேறி வருகிறதாம். என்னுடையதுதான் கழன்றுவிடும் போலிருக்கிறது.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆமாம், உங்கள் வீட்டில் அந்தப் பூந்தொட்டி எதற்குக் கூடத்தின் நடுவில், நடக்கிற வழியில் நிற்கிறது? கொஞ்சம் நகர்த்துங்கள், பார்ப்போம்.