மூன்று பங்கு தண்ணீர்

மனிதரில் ஓர் இனம் உண்டு. கிளாசில் வைனை ஊற்றிக் கொடுத்தால் தானும் குடிக்காது, குடிக்கிறவரையும் விடாது. அதன் வரலாற்றைச் சொல்லி முடித்தால்தான் அதற்கு மூச்சு வரும். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

லாசால் பகுதியில் குடியிருக்கும் கிறிஸ்தோப்பர் அந்த இனத்தில் முதல்தரம். என்றோ தொலைக்காட்சியில் பழங்கால வைனைப் பற்றி ஒரு நிகழ்ச்சி பார்த்தார். அன்றிலிருந்து ஞானஸ்நானமோ, முதல்நன்மையோ, பிறந்தநாளோ, போத்தல் திறக்கிற சத்தம் எங்கே கேட்டாலும் அங்கே நிற்பார்.

"அந்தக் காலத்து வைன் லேசுப்பட்ட சாமானில்லை. மூண்டு பங்கு தண்ணி விட்டுத்தான் கிரேக்கர் குடிச்சவை. தண்ணி விடாமல் குடிச்சவனைக் காட்டுமிராண்டி எண்டவை, தெரியுமோ?"

யாருக்குத் தெரிய வேண்டும்? கேட்பவரின் தட்டில் ஆட்டிறைச்சி ஆறிப்போகும்.

2005இல் ஒரு ஞாயிறு மதியம், மகள் அஞ்சலீனாவின் கலியாணப் பேச்சுக்காகக் குடும்பமாகக் கர்க்லாண்டில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார்கள். அவள் டனிஸ்ரனை நாலு வருடமாக விரும்புகிறாள். அவனுடைய தகப்பன் அல்பேட் மட்டும் இன்னும் சம்மதம் சொல்லவில்லை.

காரிலேயே மனைவி சிசிலி சொன்னார்: "இஞ்சை பாருங்கோ, இண்டைக்கு ஒருநாள் உந்தக் கிரேக்கரை விட்டிடுங்கோ."

"ஓம், ஓம்."

உண்மையாகத்தான் சொன்னார். ஆனால் அல்பேட், நிலவறையில் தன் கையாலேயே செய்த வைனை ஒரு பெரிய கண்ணாடிச் சாடியில் கொண்டுவந்து பெருமையோடு வைத்தாரே! கிறிஸ்தோப்பர் ஒரு வாய் குடித்தார். தொண்டை எரிந்தது, கண் கலங்கியது. இத்தனை வருடமாகச் சொல்லிவந்ததற்கு இதோ சாட்சி! கை தன்பாட்டில் தண்ணீர்க் குவளையை எடுத்தது. தன் கிளாசுக்குள்ளா விட்டார்? சாடிக்குள்ளேயே கவிழ்த்தார்.

அல்பேட்டின் முகம் கறுத்தது. அஞ்சலீனா கண்களை மூடிக்கொண்டாள். மகளின் முகத்தைக் கண்டதும் கிறிஸ்தோப்பர் வெறும் குவளையை மெல்லக் கீழே வைத்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக வரலாற்றைக் கைவிட்டார்.

"அண்ணை... பிழை விட்டிட்டன்."

"பிழைதான்," என்றார் அல்பேட், மெதுவாக. "கிரேக்கர் முதல்லை தண்ணியை விட்டு, பேந்துதான் வைனை விட்டவை. நீங்கள் தலைகீழாய்ச் செய்துபோட்டியள்."

கிறிஸ்தோப்பர் நிமிர்ந்தார். "ஆர் சொன்னது?"

"நான் வாசிச்சனான்!"

அவ்வளவுதான். கதிரைகள் நெருங்கின. கிரேக்கர் முடிந்து ரோமர் வந்தார்கள். ரோமர் முடிந்து எகிப்தியர் வந்தார்கள். அந்தச் சந்தடியில் சிசிலியும் டனிஸ்ரனின் தாயும் நாள் பார்த்து, மண்டபம் பேசி, சாப்பாட்டையும் முடிவு செய்துவிட்டார்கள்.

"ஓகஸ்ட்டிலை கலியாணம், சரியோ?" என்று சிசிலி கத்தினார்.

"ஓம், ஓம்!" என்றார்கள் இருவரும், திரும்பிப் பாராமலே.

வாசகரே, 'புளிக்கவைத்த வைன் ஒரு அளவுக்குமேல் பலமாகாதே, இது தெரியாமல் எழுதுகிறாரே' என்று இதற்கிடையில் உங்கள் நாக்குத் துடித்ததா? அப்படியானால், விருந்துகளில் உங்கள் பக்கத்துக் கதிரை ஏன் எப்போதும் காலியாக இருக்கிறது என்று இனி யாரையும் கேட்காதீர்கள்.