இருநூற்று நாற்பது கிராம் செயின்

“இனிமே சைக்கிளுக்குன்னு ஒரு காசு செலவு பண்ணமாட்டேன்!” என்று அப்பா சாப்பாட்டு மேசையில் ஓங்கி அடித்துச் சத்தியம் செய்தார். மேசை ஆடியது. அம்மாவும் நானும் ஆடவில்லை. இந்த வருஷத்தில் இது மூன்றாவது சத்தியம்.

முதல் சத்தியம் முடிந்த வாரத்தில் ஹெல்மெட் வந்தது. இரண்டாவது சத்தியத்துக்கு மறுநாளே ஷூ வந்தது. சாதாரண ஷூ இல்லை. பெடலோடு ‘டக்’கென்று ஒட்டிக்கொள்கிற ஷூ. அதற்கு ஒட்டத் தெரிந்தது, விடத் தெரியவில்லை. சிக்னலில் சைக்கிள் நின்றது, அப்பா நிற்கவில்லை. அப்படியே சாய்ந்தார், சைக்கிளோடு, நாற்பது பேர் முன்னால். சாய்ந்ததற்கு மறுவாரம் முழங்கால் உறை வந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் மேலே, கீழே, மேலே, கீழே. ஏழாவது நாளாவது நேராகப் போகலாமே என்று சைக்கிள் கோஷ்டியில் சேர்ந்தார். அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். விலையைத்தான் குறை சொல்வேன். அதையும் நான் சொல்லவேண்டியதில்லை, அவரே குறைத்துச் சொல்லிவிடுவார். எந்தச் சாமான் வாங்கினாலும் விலைச்சீட்டை லிஃப்ட் மோட்டார் அறையிலேயே கிழித்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு சைபரை விழுங்கிவிட்டுச் சொல்வார். அம்மா “அப்படியா” என்பாள்.

கோஷ்டியில் அவருக்கு ‘கிராம்’ என்று பட்டப்பெயர். எதை எடுத்தாலும் எடை சொல்வார். சைக்கிளில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரையெல்லாம் சுரண்டி எறிந்து ஆறு கிராம் மிச்சம் பிடித்த மனுஷன். எங்கள் சமையலறைத் தராசு சமையலறையைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது.

“ஸ்டிக்கர் ஆறு கிராம்ங்க, சரி. அந்தத் தொப்பை எத்தனை கிராம்?” என்று அம்மா ஒருமுறை கேட்டாள்.

“அது என் சொந்த எடை. அதைக் கணக்குல சேக்கமாட்டாங்க,” என்றார் அப்பா.

அம்மா ஒரு வாஷிங்மெஷின் கம்பெனியில் போனில் புகார் கேட்கிறாள். நாள் முழுக்கப் பொய் கேட்பதற்குச் சம்பளம். “ஒண்ணுமே பண்ணலை மேடம், தானா நின்னுடுச்சு” என்பார்கள். அம்மா கோபப்படமாட்டாள். ஒரே கேள்வியைக் குழைவாக மூன்று தடவை கேட்பாள். மூன்றாவது தடவையில் மெஷினுக்குள் போன சாவிக்கொத்து வெளியே வந்துவிடும். இருபது வருஷ அனுபவம். மூச்சு விடுகிற சத்தத்திலேயே கண்டுபிடிப்பாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் அப்பா சைபர் விழுங்கிக்கொண்டிருந்தார்.

அம்மா கழுத்தில் முன்பு ஒரு செயின் இருந்தது. அப்பாவுக்கு ரத்த அழுத்தம், உடம்பை அசைக்கணும் என்று டாக்டர் சொன்னபோது அந்தச் செயின் ஒரு சைக்கிளாக மாறியது. “ஆறே மாசத்துல திருப்பி வாங்கித் தர்றேன்” என்றார். மாதம் போனது. அந்தச் சைக்கிளும் போய் இப்போதிருக்கிற சைக்கிள் வந்தது. இது அம்மா ஆபீசில் கொடுத்த வாகனக் கடனில் வாங்கியது. அதனால் பில் அம்மா பேரில். “பேருக்குத்தானே உன் பேரு” என்று அப்பா சொல்லிச் சிரித்தார். அம்மா “அப்படியா” என்றாள்.

இனி என் விஷயம். கணக்கில் இரண்டு தடவை விழுந்தேன். மூன்றாவது தடவை விழ இஷ்டமில்லை, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். இதில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கேட்டேன். வீடு வீடாகப் போய் ரத்தக் குழாய்களை வாங்கிவந்து சேர்க்கவேண்டும். சரி என்றார்கள். சொந்தச் சைக்கிள் இருக்கணும், திங்கட்கிழமை வரணும் என்றார்கள். இல்லாவிட்டால் வரிசையில் இன்னொரு பெண் நிற்கிறாள். அவளிடம் சைக்கிள் இருக்கிறது.

“பரீட்சை முடிஞ்சா சைக்கிள்னு சொன்னீங்களேப்பா?”

“பாஸானாத்தான்னு சொன்னேன்.”

“பாஸானாத்தான்னு சொல்லலை.”

“மனசுல சொன்னேன்.”

அவர் விழுந்ததற்கு முழங்கால் உறை. நான் விழுந்ததற்கு ஒன்றும் இல்லை. இந்த வீட்டில் விழுவதற்கும் ஒரு தகுதி வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பாவின் போன் சார்ஜரில் கிடந்து முனகியது. அம்மா எடுத்துச் சத்தமாகப் படித்தாள். “சார், நீங்க கேட்ட தங்கக் கலர் செயின் வந்திருச்சு. சனிக்கிழமை வந்து வாங்கிக்கங்க.”

வீடு நின்றுவிட்டது. அப்பா வாயில் போட்டிருந்த பிஸ்கட் மெல்லப்படாமல் அப்படியே இருந்தது.

அம்மாவின் கை கழுத்துக்குப் போனது. போய் அங்கேயே இருந்தது. முகத்தில் ஒன்று வந்தது. நான் பிறந்ததிலிருந்து பார்க்காத ஒன்று. அடுத்த வெள்ளிக்கிழமை அவர்களுடைய கல்யாண நாள்.

“எனக்கா?” என்றாள்.

“செயின்னா சைக்கிள் செயின்” என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஆனால் மேசையில் அடித்துச் சத்தியம் செய்து நான்கே நாள் ஆகியிருந்தது. அப்பா பிஸ்கட்டை விழுங்கினார். கூடவே உண்மையையும்.

“பின்ன? வேற யாருக்கு? சர்ப்ரைஸா இருக்கட்டும்னு பாத்தேன்.”

“அப்படியா,” என்றாள் அம்மா. கையைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அப்பா என்னை மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“அது சைக்கிள் செயின்டீ.”

“தெரியும்.”

“முன்பணம் குடுத்தாச்சு. திருப்பித் தரமாட்டான். இப்ப என்ன பண்றது?”

“கடையில ஸ்டாக் இல்லைன்னு சொல்லிடுங்க.”

“வேற கடைக்குப் போலாம்னு சொல்லுவா உங்கம்மா.”

“அப்ப நிஜத்தைச் சொல்லுங்க.”

அப்பா என்னை வேற்று மொழி பேசுகிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு அவர் முகம் மெதுவாக மலர்ந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அந்த மலர்ச்சிக்கு விலை உண்டு.

“திருட்டு!” என்றார். “செயினை வாங்கிட்டு வர்றேன். வழியில எவனோ அடிச்சிட்டுப் போயிட்டான். பொருளும் போச்சு, கேள்வியும் போச்சு. பரிதாபம் மட்டும் மிச்சம். நீ கூட வந்து பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு.”

“சொன்னா?”

“திங்கக்கிழமைக்குள்ள உனக்கு சைக்கிள்.”

“சத்தியமா?” என்று கேட்க வாயெடுத்தேன். சத்தியத்தின் மதிப்பு ஞாபகம் வந்தது, கேட்கவில்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். எனக்குத் திங்கட்கிழமை முக்கியம். நல்லவள் என்று பேர் வாங்க நேரமில்லை.

சனிக்கிழமை கடையில் அப்பா அந்தச் செயினைக் கையில் வாங்கிய விதத்தைப் பார்க்கவேண்டும். பிறந்த குழந்தையை வாங்குவதுபோல. தராசில் வைத்தார். “இருநூத்தி நாப்பது!” என்றார் கண்கலங்க. “பழசு இருநூத்தித் தொண்ணூறு. அம்பது கிராம் மிச்சம்!” சைக்கிளில் மாட்டினார்கள். வெயிலில் பளபளத்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: தங்கம் பளபளத்தால் அம்மா கண்ணில் படும். உடனே கிரீஸ் டப்பாவில் விரலை விட்டார். மின்னுவதற்காகக் காசு கொடுத்து வாங்கிய செயின் முழுக்க, கண்ணி கண்ணியாக, கருப்புக் கிரீஸைப் பூசினார். நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். “போச்சும்மா! எல்லாம் போச்சு! செயினை அடிச்சிட்டானுங்க!”

அம்மா கத்தவில்லை. எதிரே உட்கார்ந்தாள். ஆபீஸ் குரல் வந்தது. “பதட்டப்படாம சொல்லுங்க. என்ன நடந்துச்சு? செயின் எங்க வச்சிருந்தீங்க?”

“சைக்கிள் சட்டைக்கு முதுகுப் பக்கம் பாக்கெட் இருக்குல்ல, அந்தப் பின்பாக்கெட்ல வச்சிருந்தேன். சிக்னல்ல நின்னேன். ரெண்டு பேர் பைக்ல வந்து...”

“நீ பாத்தியா?” என்று என்னைக் கேட்டாள்.

“பாத்தேன். நீலச் சட்டை. ஒரு ஆள்.”

“ரெண்டு பேர்!” என்றார் அப்பா.

“ரெண்டு பேர். ஒரு சட்டை,” என்றேன்.

அம்மா தலையாட்டினாள். “சரிங்க. செயின் எங்க வச்சிருந்தீங்க?” என்று மறுபடியும் கேட்டாள். பின்பாக்கெட் என்றார். சற்றுப் பொறுத்து, இன்னும் குழைவாக, “செயின் இப்ப எங்க இருக்குங்க?” என்றாள்.

மூன்றாவது தடவை. அப்பா கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

“திருடன்கிட்ட!” என்றார் அப்பா.

“அப்ப வாங்க, ஸ்டேஷனுக்குப் போவோம். சைக்கிளையும் தள்ளிட்டு வாங்க, சாட்சிக்கு வேணும்.”

ஸ்டேஷனில் மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. புகார் எழுதுகிற போலீஸ்காரர் நிமிராமல் கேட்டார்.

“என்ன காணோம்?”

“செயின் சார்.”

“தங்கமா?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தாள்.

“தங்கம்... சார்.”

“எத்தனை கிராம்?”

வேறு யாராக இருந்தாலும் எட்டு என்றிருப்பார்கள், பத்து என்றிருப்பார்கள். என் அப்பா விலையில் பொய் சொல்வார், எடையில் சொல்லமாட்டார். வாயே வராது.

“இருநூத்தி நாப்பது,” என்றார். “பெட்டி இல்லாம சார். நானே நிறுத்துப் பாத்தேன்.”

பேனா நின்றது. போலீஸ்காரர் முதல்முறையாக நிமிர்ந்தார். “முப்பது பவுனா?”

பக்கத்து மேசைக்காரரும் எழுந்து வந்தார்.

“என்ன வேலை பாக்குறீங்க?”

“லிஃப்ட் மெக்கானிக் சார்.”

“எந்த பேங்க் லிஃப்ட்?”

அப்பாவுக்கு வியர்த்தது.

“நீளம் எவ்வளவு?”

“நூத்திப் பதினாறு கண்ணி.”

“கொக்கி என்ன மாதிரி?”

“கொக்கி இல்ல சார், பின்னு. சுத்தியால லேசாத் தட்டி மாட்டணும்.”

“யாரு கழுத்துல?”

அப்பா ஹெல்மெட்டைத் தடவினார். போலீஸ்காரர் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார்.

“முப்பது பவுனை முதுகுல போட்டுக்கிட்டு சைக்கிள் மிதிச்சீங்க. பில் எங்க? பில்லைக் காட்டாம இங்கேருந்து யாரும் நகரமுடியாது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ பாத்தியாம்மா?”

நீலச் சட்டை தொண்டை வரை வந்தது. எங்கள் குடும்பத்துப் பொய்யே எனக்கு அலுத்துப்போனது.

“நான் எதையும் பாக்கலை சார். எனக்கு ஒரு சைக்கிள் வேணும், அவ்வளவுதான்.”

அம்மா எழுந்தாள். “சார், கொஞ்சம் வாசலுக்கு வாங்க. காணாமப் போனது அங்கதான் நிக்குது.”

எல்லோரும் வாசலுக்குப் போனோம். அம்மா கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். குனிந்து சைக்கிள் செயினில் ஒரே இழுப்பாகத் துடைத்தாள். கருப்பு போனது. தங்கம் வெயிலில் சிரித்தது. போலீஸ்காரர்களும்தான்.

“உனக்கு... எப்பத் தெரியும்?” என்றார் அப்பா.

“வியாழக்கிழமையே. கடைக்குப் போன் பண்ணி ‘எத்தனை பவுன்’னு கேட்டேன். ‘எத்தனை கியர் சைக்கிளுக்கு’ன்னு கேட்டான்.” அம்மா கைக்குட்டையை மடித்தாள். “அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் எனக்குத்தான்னு நெனச்சேன். அந்த ஒரு நிமிஷத்தை எந்த ஸ்டேஷன்ல புகார் குடுக்கறது?”

யாரும் சிரிக்கவில்லை.

“பொய்ப் புகார்னு எழுதவாம்மா?” என்றார் போலீஸ்காரர் மெதுவாக.

“வேணாம் சார். வாபஸ் வாங்கிக்கறோம். சைக்கிளை உரியவங்ககிட்ட ஒப்படைச்சதா மட்டும் எழுதிக்குங்க.” கைப்பையிலிருந்து சைக்கிள் பில்லை எடுத்து நீட்டினாள்.

“அது பேருக்குத்தான்...” என்று ஆரம்பித்தார் அப்பா.

“பேருக்குத்தான். பேரு என் பேரு. கையெழுத்துப் போடுங்க.”

போட்டார்.

சாயங்காலத்துக்குள் அந்தச் சைக்கிளுக்குப் பின்னால் இரும்புக் கேரியர், முன்னால் கூடை, ஸ்டாண்டு, பெல் எல்லாம் ஏறிவிட்டன. கடைக்காரர் ஒவ்வொன்றாக முடுக்கியபோது அப்பா சுவரைப் பார்த்து நின்றார். மொத்தம் நாலு கிலோ என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

என்னையும் சும்மா விடவில்லை. “பொய்ச்சாட்சிக்குக் கூலியா இதை எடுத்துக்காத,” என்றாள் அம்மா. “சைக்கிள் என்னுது. நீ ஓட்டறே. அவ்வளவுதான்.” திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். கூசியது, ஆனால் போனேன்.

அப்பாவுக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமையும் லிஃப்ட் வேலை. அவர் ஆபீசுக்கு அம்மாவே போன் செய்து ஓவர்டைம் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். “இருநூத்தி நாப்பது கிராம் தங்கம் நான் கேக்கலைங்க,” என்றாள். “உங்களுக்குத்தான் சைபர் விழுங்கிப் பழக்கமாச்சே. ஒண்ணை விழுங்கிடுங்க. இருபத்தி நாலு போதும்.”

போன ஞாயிறு ரத்தக் குழாய்ப் பெட்டியோடு மேட்டுத் தெருவில் ஏறிக்கொண்டிருந்தேன். ‘டக், டக்’ என்று சத்தம். அப்பா. வேலைக்குப் போடுகிற ஷூ பிய்ந்துவிட்டதாம், சைக்கிள் ஷூவோடு நடந்து போய்க்கொண்டிருந்தார். கோஷ்டி அவரைத் தாண்டிச் சர்ரென்று போனது. ஒருத்தர் “என்ன கிராம், இறங்கிட்டீங்களா?” என்று கத்திக்கொண்டே போனார். அப்பா திரும்பிப் பார்க்காமல் நடந்தார். என்னைப் பார்த்ததும்தான் பதறிப்போய் ஓடிவந்தார்.

“ஏய்! கியரை மாத்துடீ! மேட்டுல அப்படி அழுத்தாதே, செயின் தேஞ்சுடும்!”

“எந்தச் செயின்ப்பா?” என்றேன்.